என்ஜின் எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நம் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செஸ் கட்டுரையில், கம்ப்யூட்டர் எல்லா நகர்த்தல்களையும் கடைசி வரை பார்த்துவிடுகிறது, அதனால் அது சொன்னால் சொன்னதுதான் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அது சரியல்ல. நான் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பவன். இந்த நம்பிக்கை அவர்களை என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறேன். போன வாரம் ஒரு மாணவி, குதிரையைப் பலி கொடுத்து அழகாக ஜெயித்த தன் ஆட்டத்தைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லுது சார்" என்று முகம் வாடி வந்து நின்றாள். போனை மேசையில் வைத்துவிட்டு, திரை அணையாமல் அவ்வப்போது தொட்டுக்கொண்டே காத்திருந்தோம். முதலில் மைனஸ் இரண்டரை, அதாவது அவள் பக்கம் மோசம். கொஞ்ச நேரத்தில் மைனஸ் ஒன்று. இரண்டு நிமிடம் கழித்து பிளஸ்ஸுக்கு வந்தது. நகர்த்தல் அதேதான், தேடலின் ஆழம்தான், அதாவது எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறது என்பதுதான், கூடியிருந்தது.

ஒரு சராசரி நிலையில் 30-க்கும் மேல் நகர்த்தல்கள் இருக்கும். இரு தரப்பும் ஒருமுறை ஆடினாலே ஆயிரம் நிலைகள், இன்னொருமுறை ஆடினால் பத்து லட்சம். ஒரு முழு ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டு, 1-க்குப் பின்னால் 120 பூஜ்யம் என்று 1950-லேயே கணித அறிஞர் கிளாட் ஷானன் எழுதிவிட்டார். 1997 மே மாதம் நியூயார்க்கில் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ கம்ப்யூட்டர் நொடிக்கு 20 கோடி நிலைகள் பார்த்தது, அதற்கும் இது எட்டாத தூரம். ஆகவே என்ஜினின், அதாவது செஸ் ஆடும் புரோகிராமின், திறமை முக்கால்வாசி எதைப் பார்க்காமல் விடலாம் என்று முடிவு செய்வதில் இருக்கிறது.

முதல் வழி ஆல்ஃபா-பீட்டா. யானையை ஒரு கட்டத்தில் வைக்கலாமா என்று என்ஜின் பார்க்கிறது என்று வையுங்கள். எதிராளியின் முதல் பதிலிலேயே யானை சும்மா போகிறது, இதைவிட நல்ல நகர்த்தல் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால், மீதி 29 பதில்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? அங்கேயே விட்டுவிடும். இதனால் விடை மாறாது, முழுக்கத் தேடினாலும் அதே விடைதான் வரும். ஆனால் எதிராளியின் வலுவான பதில் வரிசையில் முதலில் வந்தால்தான் லாபம். அதனால்தான் வெட்டுகளை முன்னால் பார்க்கிறது, அதிலும் சிப்பாயால் ராணியை வெட்டுவது முதலில், ராணியால் சிப்பாயை வெட்டுவது கடைசியில். வரிசை நன்றாக அமைந்துவிட்டால் அதே நேரத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆழம் போகலாம்.

அப்புறம், எங்கே நிறுத்துவது? ராணி ஒரு சிப்பாயை வெட்டிய அந்த இடத்தில் தேடலை நிறுத்தினால் ஒரு சிப்பாய் லாபம் என்று தோன்றும், அடுத்த நகர்த்தலில் ராணியே வெட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆழம் முடிந்த பிறகும் வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்த்து, நிலை அமைதியான பிறகுதான் எண் போடும். அப்படியும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு காய் நிச்சயம் போகப்போகிறது என்றால், நடுவே வீணாகச் செக் கொடுத்தோ சிப்பாயைப் பலி கொடுத்தோ அந்த இழப்பைப் பார்வைக்கு அப்பால் தள்ளிவிட்டு, தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் செஸ் ஆய்வாளர் ஹான்ஸ் பெர்லினர் இதற்குத் தொடுவான விளைவு என்றே பெயர் வைத்தார்.

இன்னொரு வழியில்தான் ஆபத்து அதிகம். வரிசையில் பின்னால் வரும், செக்கும் வெட்டும் இல்லாத நகர்த்தல்களை என்ஜின் மேலோட்டமாகத்தான் பார்க்கும். பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகவே இருக்கும். அந்தப் பத்தாவது முறைக்கு, கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ் 1998-இல் ஸ்பெயினின் லினாரஸில் தோபலோவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய 47-ஆவது நகர்த்தலைச் சொல்வேன். இரு பக்கமும் பிஷப், ஆனால் வேறு வேறு நிறக் கட்டங்களில், டிரா ஆவதற்கே வாய்ப்பு அதிகமுள்ள எண்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம். கறுப்பின் பிஷப் தன் ராஜா போகவேண்டிய வழியிலேயே நிற்கிறது. ஷிரோவ் அதை எடுத்து, வெள்ளைச் சிப்பாய் வெட்டும்படி எச்3 கட்டத்தில் வைத்தார்! செக் இல்லை, பதிலுக்கு வெட்ட ஒரு காயும் இல்லை. கிடைத்தது ஒரே ஒரு நகர்த்தல் நேரம்தான், அதில் ராஜா உள்ளே நுழைந்துவிட்டது, வெள்ளை ராஜா வர நேரமில்லை, தள்ளித் தள்ளி நின்ற இரண்டு சிப்பாய்களை ஒற்றை பிஷப்பால் தடுக்க முடியவில்லை. அன்றைய புரோகிராம்களுக்கு இது சிக்கவில்லை. ஒரு முழு பிஷப் போவது உடனே தெரிகிறது, அதற்கான பலனோ பல அமைதியான நகர்த்தல்களுக்கு அப்பால் இருக்கிறது. என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன், காலையிலும் அது வேறு நகர்த்தலையே காட்டிக்கொண்டிருந்தது.

இன்றைய என்ஜின்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஸ்டாக்ஃபிஷ் 2020-இலிருந்து நிலையை மதிப்பிட ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்துகிறது, ஆனால் தேடுவது இன்றும் ஆல்ஃபா-பீட்டா வழியில்தான்.

என்ஜினை நம்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், குகேஷுக்கு எதிரான 14-ஆவது ஆட்டத்தில் டிங் லிரன் 55-ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2-இல் வைத்தவுடன் திரையில் எண் குகேஷ் பக்கம் ஒரே தாவாகத் தாவியது. அந்த எண்ணை அப்படியே நம்பலாம். யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் என்று இரண்டு மாற்று, அதோடு இரண்டு ராஜாவும் மூன்று சிப்பாயும் மட்டும் மிச்சம். வெட்டுகளைத் துரத்திப் பார்க்கும் தேடலுக்கு இது கண்ணெதிரே இருக்கிற விஷயம், ஐந்து காய் நிலைகளுக்கோ முழு விடையும் அட்டவணையாகவே இருக்கிறது. இதையும் ஷிரோவின் பிஷப்பையும் ஒரே மாதிரி "கம்ப்யூட்டர் சொல்கிறது" என்று எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு எது உறுதி, எது தற்காலிகக் கணக்கு என்று எப்படித் தெரியும்?

ஆகவே அடுத்த முறை பிளஸ் 1.4 என்று அச்சிடும்போது அது எந்த என்ஜின், எத்தனை ஆழம் என்று ஒரு வரி சேருங்கள், அது நினைக்கும் அடுத்த நாலைந்து நகர்த்தல்களையும் கொடுங்கள். சரிதானா என்று பலகையில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். பலகைப் படத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நல்லது, இப்போது கறுப்புக் கட்டத்தில் நிற்கும் கறுப்புக் காய் எது என்றே தெரிவதில்லை.

இப்படிக்கு,
செஸ் பயிற்சியாளர் ஒருவர், திருச்சி