பாறசாலையிலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள மக்களே,

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரப்பர் இலையுதிர்ந்ததால் பால்வெட்டை நிறுத்தியாயிற்று. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலிலிருந்தே உனக்குப் போன் பண்ணினேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாய், தூக்கக் குரல். தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. பெங்களூரில் சாயங்கால ஆராதனையும் உண்டு அல்லவா.

லெந்து (தவக்காலம்) தொடங்கியதிலிருந்து வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது. செவ்வாய் நம் வீட்டில். மரச்சீனி அவித்து, கட்டஞ்சாயா போட்டேன். மேலவீட்டுச் சித்தப்பா வந்தார்! அந்த வேலி விஷயத்துக்குப் பிறகு நம் படியேறாத மனிதர். அவருக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "நீங்கதான் ராகம் எடுக்கணும்" என்றார். எடுத்தார். மூன்றாவது சரணத்தில் அப்பாவும் சேர்ந்து பாடினார். நீ பார்த்திருக்க வேண்டும்.

நம் சபையிலிருந்து மாராமண் கன்வென்ஷனுக்கும் வேன் போனது. பம்பை ஆற்று மணலில் 1895 முதல் நடக்கிற கூட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போய் வந்தவர்கள் இரண்டு வாரம் அதையே பேசுவார்கள், அப்புறம் பழையபடிதான். எழுப்புதல் எழுப்புதல் என்கிறார்களே, விசுவாசம் புதிதாய் உயிர்ப்பது, அது தங்குவது இப்படிப் பத்துப் பேர் கூடும் வீட்டில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மயிலாடி வேதமாணிக்கமாக நீ ஓய்வுநாள் பள்ளியில் நடித்தது ஞாபகம் இருக்கா? சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவ வேதம் கேட்டுத் திரும்பினார். மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது 1806-ல். அதற்கு முன்பே வேதமாணிக்கம் சொந்தபந்தங்களைக் கூட்டி ஜெபித்துக்கொண்டிருந்தார். ஐயர் வருமுன்னே ஆட்கள் கூடியாயிற்று.

செல்லில் பிரசங்கம் கேட்கிறேன் என்கிறாய். நீ அனுப்பியதை நானும் கேட்டேன், நம் குருவானவரைவிட நன்றாகவே பேசுகிறார். ஆனால் நீ இரண்டு ஞாயிறு கேட்காவிட்டால் அவருக்குத் தெரியுமா? இங்கே நான் ஒரு வாரம் போகாவிட்டால் திங்கட்கிழமை நாலு பேர் வந்து, காய்ச்சலா என்று கேட்கிறார்கள். சிலர் வம்புக்குத்தான் வருகிறார்கள், அது வேறு.

கீபோர்டில் இப்போது உன் இடத்தில் இருக்கிற பையன் தாளம் விடுகிறான். உன் கைக்கு ஈடில்லை என்று பாடகர் குழுவில் எல்லாரும் சொல்கிறார்கள். உன்னை விசாரிக்காத ஆளில்லை. நீதான் யாரையும் விசாரிப்பதில்லை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. பக்கத்தில் ஒரு தமிழ்ச் சபையைப் பார். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் நின்று நாலு பேரிடம் பேசு.

தினமும் உலை வைக்கும்போது உன் பேருக்கும் சபைக்கென்று ஒரு பிடியரிசி எடுத்து வைக்கிறேன். உன் சபைச் சந்தாவும் கட்டியாயிற்று. குருவானவர் கேட்கிறார்: உன் பெயர் இங்கேயே இருக்கட்டுமா, அங்குள்ள சபைக்கு மாற்ற லெட்டர் தரட்டுமா என்று. ரெண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு, அவரிடம் நான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா