தோட்டத்து ஓட்டு

அன்புள்ள மகனுக்கு,

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துச் சனம் தொழிற்சங்கத் தலைவர் காட்டுகிற சின்னத்துக்குக் கண்ணை மூடிப் புள்ளடி போடுகிறது என்று கெம்பஸில் பேசுவதாக எழுதியிருந்தாய். பேசுகிறவர்கள் 1948-இலிருந்து கணக்குப் பார்க்கட்டும்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் (பிறகு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், அதாவது இ.தொ.கா., ஆன நம்ம சங்கம்) 7 ஆசனம் எடுத்தது. மறுவருஷமே டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) அரசு பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் இருக்கும்? 1949-இல் இன்னொரு சட்டம்: 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாக 7 வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும், கலியாணமாகாதவர் என்றால் 10. மனுப் போட இரண்டு வருஷ அவகாசம். நடுவில் இந்தியாவில் சொந்த ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியவருக்குத் தொடர்ச்சி அறுந்தது. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், பதிவில் இன்னொரு பெயர் என்றால் அதுவும் வில்லங்கம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுப் போனது. கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கு. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை. 1952-இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

அப்படியானால் ஐ.தே.க.வைத்தானே வெறுத்திருக்க வேண்டும் என்பாய். நியாயம்தான். ஆனால் 1964-இல் சுதந்திரக் கட்சிப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் நாடற்ற 975,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 525,000, இங்கே 300,000. மிச்சம் 150,000 பேரை 1974-இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று குடும்பங்கள் உடைந்தன. அதே சிறிமா ஆட்சியில்தான் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. நேற்றைய பசி முந்தாநாள் பறிபோன ஓட்டைவிடப் பெரிது. 1977-இல் இ.தொ.கா. தலைவர் தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாவில் வென்று, மறுவருஷம் ஐ.தே.க.வின் ஜே.ஆர். ஜயவர்தன அமைச்சரவையில் சேர்ந்தார். நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டமும் ஐ.தே.க. ஆட்சியில் வந்தது, மிச்சப் பேருக்குப் பிரகடனம் கொடுத்தாலே பிரஜாவுரிமை என்ற 2003 சட்டம் ரணில் பிரதமராக இருந்தபோது வந்தது. ஐ.தே.க.வின் யானைச் சின்னத்துக்குத் தோட்டங்களில் இருந்த பலம் அங்கிருந்து வந்ததுதான்.

சங்கத்தின் பிடியும் இதே மாதிரித்தான். சம்பளத்தில் சந்தா பிடிப்பது ஒரு பக்கம். மனு எழுத, விசாரணைக்குக் கூட்டிப்போக, தோட்டத்து மேலாளரான துரையிடம் கடிதம் வாங்க வேறு ஆள் கிடையாது. காகிதம் வைத்திருந்தவன் கையில் ஓட்டும் இருந்தது. 2003-க்குப் பிறகு அந்தத் தேவை குறைந்துவிட்டது. பிடி தளர்ந்ததற்கு அது முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

2010, 2015 ஜனாதிபதித் தேர்தல் இரண்டிலும் இ.தொ.கா. மஹிந்த ராஜபக்ஷ பக்கம் நின்றது; நுவரெலியா மாவட்டம் பொன்சேகாவுக்கும் மைத்திரிக்கும் போட்டது. 2019-இல் கோட்டாபயவை ஆதரித்தது. மாவட்டம் சஜித்துக்குப் போட்டது. பாராளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்கு நம்ம ஆளுக்கு, ஜனாதிபதித் தேர்தலில் நம்ம முடிவு. இதைக் கண்ணை மூடிய ஓட்டு என்று யார் சொல்வது?

கட்டுரைக்கு எண்கள் எடுப்பதானால் மாவட்ட மொத்தத்தை எடுக்காதே. வலப்பனை, ஹங்குரன்கெத்த, கொத்மலை மூன்றையும் தனியே வைத்துவிட்டு நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியை மட்டும் பார். தோட்ட ஓட்டு அடர்த்தியாக இருப்பது அதில்தான்.

அன்புடன்,
அப்பா