பெட்டியில் இருந்த ஓலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

லண்டனில் குளிர் தொடங்கியிருக்கும். நீ ஃபோன் செய்து நாற்பது நாள் ஆகிறது. படிப்பு நெருக்கடி, தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே குறுவை அறுத்தாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் தேவலை.

அந்தக் காலத்தில் கிராம முன்சீப்பாக இருந்து ஊர் வழக்கைத் தீர்த்த நம் முன்னோர், முன்சீப் தாத்தாவின் பெருமையைச் சொல்லியே உன்னை வளர்த்தேன். பத்து ரூபாய் வரைக்கும் உள்ள வழக்கில் அவர் வைத்ததுதான் தீர்ப்பு என்பேன். சாவடியில் கிடந்த, ஆளின் காலை மாட்டிப் பூட்டும் தொழுக்கட்டையைப் பற்றிச் சொன்னதே இல்லை. 1816 சட்டப்படி, கீழ்ச்சாதி என்றால் ஆறு மணி நேரம் வரை அதில் மாட்டி வைக்கலாம். மாட்டிக்கொண்டு கிடந்தவர்கள் நம் வயலில் நட்டவர்கள்தான். நிலத்துக்கும் அவர்தான் சொந்தக்காரர், ஆளுக்கும் அவர்தான். நியாயம் கேட்டுச் சாவடிக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

அடிமை என்று சொல்லி இனி யாரும் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது என்று 1843-ல் சட்டம் வந்தது. நம் பண்ணையில் அதனால் என்ன மாறியது? குடியிருக்கும் மனை நம்முடையது, கடன் நம்மிடம், கூலி நெல் நம் களத்தில். எங்கே போவார்கள்? 1952-ல் பண்ணையாட்களைப் பாதுகாக்கப் பண்ணையாள் சட்டம் வந்தபோது, கூலியை உயர்த்த மனமில்லாமல் என் அப்பா, உன் தாத்தா, பாதிப் பேரை நிறுத்திவிட்டார்.

நீ இதையெல்லாம் தேடிப் படிப்பது எனக்குப் பெருமைதான். ஆனாலும் அன்றைக்குப் பந்தியில், சித்தப்பா எதிரில், நீ அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

நம் வீட்டில் யாரும் ஆளை வாங்கி விற்றதில்லை என்று சொன்னேன். பொய். பெட்டியில் ஓலை இருந்தது. ஒரு புருஷன், பெண்டாட்டி, இனி அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து எழுதி வாங்கிய ஓலை. அந்தப் புருஷன் பெயர் இன்றைக்கும் கீழத்தெருவில் ஒரு பையனுக்கு இருக்கிறது. பாட்டன் பெயரை இட்டு இட்டு வந்திருக்கிறார்கள். தினமும் என்னைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறான்.

நீ லண்டனுக்குத் திரும்பிய மறுநாள் அதை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். நீ கேட்டதும் பயந்துவிட்டேன் பாப்பா. அறுபத்தெட்டு வயதில் செய்யக்கூடிய காரியமா?

ஞாபகத்தில் நின்ற வரிகளைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பெயர்களும் சரியாகவே இருக்கின்றன. சித்தப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி எவ்வளவு நேரமானாலும் சரி, ஃபோன் செய். விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா