செயலாளர் ஆண்டறிக்கை: பேர்ப்பலகை, பன்னெண்டு கேமரா, நடுவுல சட்டசபை

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் நம்ம நகர் நலச்சங்க அறிக்கையை அச்சடிச்சு வீடு வீடா குடுத்தோம், பாதி வீட்டுல அதுமேல பஜ்ஜி வச்சு எண்ணெய் ஒத்தினதா காதுல விழுந்துச்சு, அதனால இந்த வருஷம் குரூப்லயே போட்டுடறேன். முன்னாடியே படிச்சுட்டு வந்துடுங்க, பொதுக்குழு அன்னிக்கு நான் படிக்கும்போது தூங்குறதுக்கு பதிலா கேள்வி கேக்கலாம்.

கணக்கு சுருக்கமா. மொத்தம் 112 வீடு, வருஷ சந்தா 1200 ரூபா, கட்டினது 94 வீடு. மிச்சம் 18 வீட்டு பேரை நான் போடல, அவங்களுக்கே தெரியும். கேமராவுக்குன்னு வீட்டுக்கு 3000 தனியா வாங்கினோம், அதை மட்டும் எல்லாரும் குடுத்துட்டீங்க, ரொம்ப நன்றி, அந்த காசு என்னாச்சுன்னு கீழ சொல்றேன், அதுக்குள்ள யாரும் கோவப்படாதீங்க. இந்த வருஷம் ரெண்டு மூத்த உறுப்பினர்களை இழந்துட்டோம், பொதுக்குழு ஆரம்பிக்கும்போது ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி. பொங்கல் கோலப்போட்டி நல்லா நடந்துச்சு. மழைநீர் வடிகால் மனு நாலாவது வருஷமா "பரிசீலனையில் உள்ளது".

செயற்குழு எட்டு தடவை கூடுச்சு. அதுல மூணு கூட்டம் முழுசும் பேர்ப்பலகைக்கே போச்சு. நகர் முகப்புல இருக்கற பழைய பலகை துருப்பிடிச்சிருச்சு, புதுசு வைக்கணும், அவ்ளோதான் மேட்டர். ஆனா "நலச்சங்கம்"னு நடுவுல ச் ஒத்து (ஒற்றெழுத்து) போடணுமா வேண்டாமா, பச்சையா நீலமா, கிரானைட்டா ஃப்ளெக்ஸா, நிர்வாகிங்க பேரு வரணுமா, வந்தா இனிஷியல் தமிழ்லயா இங்கிலீஷ்லயா, இப்படியே போயி ரெண்டாவது கூட்டத்துல ஒருத்தர் வெளிநடப்பே பண்ணிட்டாரு, டீ வந்ததும் திரும்ப வந்துட்டாரு அது வேற. மினிட்ஸ் புக்குல இதுக்கு மட்டும் ஏழு பக்கம். மூணாவது கூட்டம் முடியறப்போ ராத்திரி 9.20, எல்லாரும் செருப்பை தேடிட்டு இருக்காங்க, அப்பதான் நான் கேமரா கொட்டேஷனை எடுத்தேன். 12 கேமரா, 3,20,000 ரூபா. "எல்லாருக்கும் சம்மதமா?"ன்னேன், "சம்மதம் சம்மதம்"னு வாசல்லேர்ந்து குரல் வந்துச்சு. மினிட்ஸ்ல ரெண்டே வரி. அந்த ரெண்டு வரியும் என் கையெழுத்துதான்.

இதை மனசுல வச்சுக்கிட்டு ஜனவரி 26 நிகழ்ச்சிக்கு வருவோம். கொடியேத்தி மிட்டாய் குடுத்தப்புறம் இந்த வருஷம் ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்னு இளைஞர் அணி கேட்டாங்க, தலைப்பும் அவங்களே குடுத்தாங்க: நம்ம வரிப்பணத்துல சட்டசபையும் பார்லிமெண்டும் வெட்டி சட்டமா போட்டுத் தள்ளுறாங்களா? அரசியல் வேண்டாம்னு பொருளாளர் பயந்தாரு, எல்லா கட்சியையும் சமமா திட்டலாம்னு சொல்லி சம்மதிக்க வச்சோம். அன்னிக்கு பேசினதை பதிவு பண்ணச் சொல்லி நிறைய பேரு கேட்டதால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

ஆமான்னு பேசின அணிக்கு எங்க தெருவு தம்பி ஒருத்தன், ஐடில இருக்கான், ஆரம்பமே தமிழ்ப் புத்தாண்டு. 2008ல தை ஒண்ணுதான் புத்தாண்டுன்னு திமுக ஆட்சில சட்டம் போட்டாங்க, 2011 ஆகஸ்ட்ல அதிமுக ஆட்சி வந்து அந்த சட்டத்தை ரத்து பண்ண இன்னொரு சட்டம் போட்டாங்க, மறுபடி சித்திரை ஒண்ணு. நடுவுல போனது மூணு பொங்கல். சித்திரை ஒண்ணுக்கு எப்பவும் எப்படியும் லீவுதான், ஏன்னா ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள். அப்போ யாருக்கு என்ன மாறுச்சுன்னு கேட்டான், கைதட்டல். எனக்கு ஒண்ணு மாறுச்சு, அதையும் சொல்லிடறேன். சங்க ரூமை ஒழிக்கறப்போ "தை முதல் நாள் தமிழ்ப் புத்தாண்டு நல்வாழ்த்துகள் 2010"னு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் கெடச்சுது, கலர்கூட மங்கல, இப்ப அதைத்தான் போர்வெல் மோட்டார் மேல போத்தி வச்சிருக்கோம், மழைக்கு நல்லா தாங்குது.

அடுத்து மேலவை கதை, அதாவது சட்டசபைக்கு மேல ரெண்டாவதா இருந்த சபை. இதை சொன்னது தலைமைச் செயலகத்துல செக்ஷன் ஆபீஸரா இருந்து ரிட்டயர் ஆன நம்ம சார், அவருக்கு தேதியெல்லாம் நுனிநாக்குல இருக்கு. 1986ல எம்ஜிஆர் ஆட்சில மேலவையை கலைச்சாங்க, நவம்பர் 1லேர்ந்து மேலவை இல்ல. 1989ல வேணும்னு தீர்மானம். 1991ல வேண்டாம்னு தீர்மானம். 1996ல வேணும். 2001ல வேண்டாம். 2010 ஏப்ரல்ல மறுபடி வேணும், இந்த தடவை பார்லிமெண்டே சட்டம் போட்டுக் குடுத்துருச்சு, பட்டதாரி தொகுதிக்கு பேரு சேக்கறேன்னு சாரே டிகிரி சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுத்துட்டு லைன்ல நின்னாராம். 2011ல ஆட்சி மாறுச்சு, வேண்டாம்னு இன்னொரு தீர்மானம். கலைச்சதுக்கு அப்புறம் மட்டும் ஆறு தீர்மானம், மேலவை இன்னிக்கும் இல்ல. "ஜெராக்ஸ் மட்டும் வீட்ல இருக்கு"ன்னாரு.

2020 ஜூன் மேட்டரை கட்டாயம் சொல்லணும்னு பின்னாடி வரிசைலேர்ந்து ஒரு மேடம் எழுந்தாங்க. கொரோனால ஊரே அடைஞ்சு கெடக்கு, அப்போ 1018 ஊரு பேரோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை தமிழ் உச்சரிப்புக்கு மாத்துறோம்னு ஆர்டர். கோயம்புத்தூருக்கு அதுவரைக்கும் இங்கிலீஷ்ல 10 எழுத்து, புது ஸ்பெல்லிங்ல 14. எல்லாரும் கேலி பண்ணி ஒரே வாரத்துல வாபஸ். அது சட்டம்கூட இல்ல, அரசாணைதான், ஆனா ஆயிரத்துச் சொச்சம் ஊரு பேரை உக்காந்து எழுதின ஆபீஸருங்க சம்பளம் நம்ம காசுதானே. மேடம் கோயம்புத்தூர்க்காரங்க, அதனால கோவம் கொஞ்சம் கூடவே இருந்துச்சு.

சம்பள விஷயத்துல தம்பி கொஞ்சம் சூடாவே பேசினான். 2017 ஜூலைல நம்ம எம்எல்ஏக்கள் சம்பளம் 55,000லேர்ந்து 1,05,000 ஆச்சு, அதே மாசம் டெல்லி ஜந்தர் மந்தர்ல நம்மூர் விவசாயிங்க கடன் தள்ளுபடி கேட்டு ரோட்டுல உக்காந்திருந்தாங்க. அப்புறம் சட்டசபைல எழுந்து பேசற ஒவ்வொருத்தரும் முதல்ல தலைவரை அஞ்சு நிமிஷம் புகழறது, எல்லா கட்சிலயும் உண்டு, 2021 ஆகஸ்ட்ல முதலமைச்சரே அவங்க கட்சி எம்எல்ஏக்களை இனிமே புகழ்ந்தா நடவடிக்கைன்னு எச்சரிக்க வேண்டியதா போச்சு.

இல்லைன்னு பேச ஆளே கெடைக்காதுன்னு நெனச்சேன். டீச்சரம்மா எழுந்தாங்க. "பேரு மாத்துறது வெட்டி வேலைன்னா நீங்க இப்ப எந்த ஸ்டேட்ல உக்காந்திருக்கீங்க?"ன்னு ஒரே கேள்வி. தமிழ்நாடுன்னு பேரு வைக்கணும்னு கேட்டு, இன்னும் பல கோரிக்கையோட சேத்து, சங்கரலிங்கனார் 1956ல 70 நாளுக்கு மேல உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்டாரு. 1967 ஜூலை 18ந்தேதி அண்ணா சட்டசபைல தீர்மானம் கொண்டு வந்தாரு, பார்லிமெண்ட்ல சட்டம் ஆகி 1969 பொங்கலன்னிக்கு அமலுக்கு வந்துச்சு. அதனால யாருக்கும் ஒரு கிலோ அரிசி கூடுதலா கெடைக்கலதான், ஆனா அதை வெட்டின்னு சொல்ல இங்க யாருக்காவது தைரியம் இருக்கான்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயைத் தொறக்கல. தம்பி மட்டும் மெதுவா "அது வேற டீச்சர்"ன்னான், எப்படி வேறன்னு அவனால சொல்ல முடியல, உண்மையைச் சொன்னா என்னாலயும் முடியல.

மளிகைக்கடை அண்ணாச்சி சொன்னதுதான் அன்னிக்கு ஹைலைட். கோயில்ல ஆடு கோழி பலி குடுக்கக்கூடாதுன்னு 1950லயே சட்டம் இருக்கு, யாரும் அதை சீண்டல, 53 வருஷம் அது பாட்டுக்கு தூங்குச்சு. 2003 ஆகஸ்ட்ல ஜெயலலிதா ஆட்சில அதை கறாரா அமல்படுத்தச் சொல்லி உத்தரவு. அண்ணாச்சி வீட்ல மூத்த பையனுக்கு குலசாமி கோயில்ல காதுகுத்து, கிடா வாங்கி கட்டியாச்சு, பத்திரிகை குடுத்தாச்சு. போலீஸ் வரும்னு பயந்து கிடாவை வித்துட்டு சாம்பார் சாதம் போட்டாங்க. மறு வருஷம், 2004 பிப்ரவரில, அந்த சட்டத்தையே எடுத்துட்டாங்க. "ஆறு மாசம் பொறுத்திருந்தா கறிச்சோறு போட்டிருக்கலாம், இன்னிக்கும் எங்க பெரியத்தா என்னைய பாத்தா சாம்பார் காதுகுத்துன்னுதான் கூப்பிடும்"னாரு. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் அண்ணாச்சி சொன்னாரு, வெட்டி சட்டம்னு நாம விட்டுட்டாலும் புக்குல இருக்கற வரைக்கும் அது சட்டந்தான் தம்பி, எவன் எப்ப எடுப்பான்னு தெரியாது.

அப்புறம் செக்ஷன் ஆபீஸர் சார் மறுபடி எழுந்தாரு. அவரு பேசினதுக்கப்புறம்தான் எனக்கு தூக்கம் போச்சு. நீங்க சொல்றதெல்லாம் பேப்பர்ல வந்த சட்டம்ப்பா, சண்டை நடந்துச்சு அதனால தெரிஞ்சுச்சு, சண்டையே நடக்காம போனதை யாராச்சும் சொல்லுங்கன்னாரு. 2023 ஏப்ரல் 21, சட்டசபை கூட்டத்தொடர் கடைசி நாள். தொழிற்சாலைல 12 மணி நேர வேலைக்கு வழி விடற திருத்தம் அன்னிக்குதான் வந்துச்சு, அப்போ ஆண்ட திமுக கூட்டணில இருந்த கம்யூனிஸ்டுங்களும் விசிகவும் எதிர்த்து வெளிநடப்பு பண்ணாங்க, டிவில பூரா அதான். சத்தம் பெருசானதால மூணு நாள்ல நிறுத்தி வச்சாங்க, மே தினத்தன்னிக்கு வாபஸ். அதே நாள்ல நில ஒருங்கிணைப்பு சட்டம்னு ஒண்ணும் போச்சு, 100 ஹெக்டேருக்கு குறையாத சிறப்புத் திட்டம்னா உள்ள இருக்கற நீர்நிலையையும் சேத்து நிலத்தை ஒருங்கிணைக்கலாம்னு. விவாதமே இல்ல. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க, ஆம் என்போர் அதிகம்." முடிஞ்சுது. ஏரி பக்கத்துல வீடு கட்டி வருஷா வருஷம் தண்ணில நிக்கற நமக்கு இதுல எது முக்கியம்னு கேட்டாரு.

டெல்லியும் ஒண்ணும் குறைச்சல் இல்லைன்னு தொடர்ந்தாரு. 2018 மார்ச் 14, லோக்சபால ஒரே அமளி, நம்மூர் எம்பிங்க காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு பதாகையோட நடுவுல நிக்கறாங்க, அந்த சத்தத்துலயே எல்லா அமைச்சகத்தோட செலவு மானியக் கோரிக்கையும் நிதி மசோதாவும் சுமாரா அரை மணி நேரத்துல விவாதம் இல்லாம நிறைவேறிடுச்சு. இதுக்கு கில்லட்டின்னே பேரு. அந்த நிதி மசோதாக்குள்ளதான் எம்பிங்க சம்பளம் 50,000லேர்ந்து ஒரு லட்சம் ஆனதும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தானா ஏறும்ங்கறதும் இருந்துச்சு. கட்சிங்க வாங்கின வெளிநாட்டு நன்கொடை விஷயத்துல சட்டத்தை 1976 வரைக்கும் பின்தேதி போட்டு மாத்தினதும் அதுக்குள்ளதான். தை ஒண்ணா சித்திரை ஒண்ணான்னு ஊரே பேசுச்சே, இதைப் பத்தி நம்ம டீக்கடைல ஒரு நாளாவது பேச்சு வந்துச்சான்னு கேட்டாரு.

பட்டிமன்றத்துக்கு நடுவர் நான்தான். தீர்ப்பு சொல்லாம தேசிய கீதம் பாடி முடிச்சுட்டேன், அதுக்கு குரூப்ல ரெண்டு நாள் திட்டு வாங்கினேன். ஏன் சொல்லலைன்னா, சார் பேசிட்டு இருக்கறப்போ எனக்கு மினிட்ஸ் புக்கு ஞாபகம் வந்துருச்சு. பேர்ப்பலகைன்னா எல்லாருக்கும் ஒரு அபிப்ராயம் இருக்கு, பச்சை பிடிக்கும் நீலம் பிடிக்காதுன்னு யாரு வேணா பேசலாம். கேமரா கொட்டேஷன்ல ஆறு பக்கம், சின்ன எழுத்து, அதை படிச்சிட்டு வந்தாத்தான் பேச முடியும், நான் உள்பட ஒருத்தரும் படிக்கல. அதனால அந்த ஏழு பக்க பேர்ப்பலகை சண்டைகூட எனக்கு பெரிய தப்பா தெரியல, மிஞ்சிப்போனா டீச்செலவு. அந்த 9.20 மணி ரெண்டு வரிதான் உறுத்துது. புத்தாண்டு சட்டத்தால சங்கத்துக்கு நஷ்டம் ஒரு ஃப்ளெக்ஸ். 9.20 மணி தீர்மானத்தால நஷ்டம் எவ்ளோன்னு இப்ப சொல்றேன்.

பன்னெண்டு கேமரால அஞ்சு வேலை செய்யல. போன மாசம் மூணாவது தெருவுல பைக் காணாமப் போனப்போ ரெக்கார்டிங் எடுக்கப் போனோம், ஸ்க்ரீன்ல அஞ்சு கட்டம் கறுப்பு. கேமரா போட்டவரை கூப்பிட்டா, வாரண்டி ரெக்கார்டர் பொட்டிக்கு மட்டும்தான் சார், கேமராக்கு ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) தனி, கொட்டேஷன் அஞ்சாம் பக்கத்துல போட்டிருக்கேனேங்கறாரு. பாத்தேன், போட்டிருக்காரு. அவரு மேல தப்பு இல்ல. அஞ்சு கேமராவையும் சரி பண்ண 41,000 கேக்கறாரு, ஏஎம்சி வருஷத்துக்கு 18,000. பொதுக்குழுல இதுக்கு நான்தான் பதில் சொல்லணும், சொல்றேன்.

அதனால இந்த தடவை நிகழ்ச்சி நிரலை கொஞ்சம் மாத்தியிருக்கேன். முதல் அயிட்டம் கேமரா. மூணு பேருகிட்ட கொட்டேஷன் வாங்கி போட்டோ எடுத்து இதுக்கு கீழயே போட்டிருக்கேன், அஞ்சாம் பக்கத்துல சிவப்பு வட்டம் போட்டிருக்கேன், படிக்காம வந்து "சம்மதம்"னு சொல்றவங்க குரல் கணக்குல சேராது. ரெண்டாவது மோட்டார் ரிப்பேர், அதோட கரண்ட் பில். மூணாவது வடிகால் மனு, எம்எல்ஏ ஆபீஸுக்கு யாரு யாரு வர்றீங்கன்னு பேரு குடுக்கணும், பேரு குடுத்துட்டு அன்னிக்கு கல்யாணம்னு சொல்லக்கூடாது. நாலாவது சந்தா பாக்கி. பேர்ப்பலகை கடைசி, அதுக்கு பத்து நிமிஷம், டீச்சரம்மா பழைய ஸ்கூல் மணியை எடுத்துட்டு வரேன்னு சொல்லிருக்காங்க, பத்தாவது நிமிஷம் அடிச்சிடுவாங்க. ஒத்து உண்டான்னு மட்டும் அவங்ககிட்ட யாரும் கேக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி, பிள்ளையார் கோயில் பக்கத்து மண்டபம். மசால்வடை முதல் அயிட்டம் முடிஞ்சப்புறம்தான் வரும்.

இப்படிக்கு,
செயலாளர்