எட்டு ஆட்டங்களுக்குப் பதில் ஒரு வாக்குச்சீட்டு

ஸ்காட்லாந்தின் 42 தொழில்முறை கால்பந்து கிளப்புகளின் உரிமையாளர்களுக்கும், அவர்கள் சேர்ந்து நடத்தும் லீகின் நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

2020 மார்ச் 11, புதன்கிழமை இரவு. பெய்ஸ்லியில் செயின்ட் மிரன் ஒரே ஒரு கோல் போட்டு ஹார்ட்ஸைத் தோற்கடித்தது. அடிமட்டத்தில் கிடந்த இரண்டு அணிகளின் இழுபறி, அவ்வளவுதான். இரண்டே நாளில் கொரோனாவுக்காக எல்லா ஆட்டங்களும் நின்றன. மே 18 அன்று நீங்கள் சீசனை முடித்துவைத்தபோதுதான், அந்தப் புதன்கிழமையே உங்கள் முதல் பிரிவான பிரீமியர்ஷிப்பின் 2019-20 சீசனுக்குக் கடைசி இரவு என்று ஆனது. கடைசி இடத்தில் இருந்த ஹார்ட்ஸ், மீதி ஆட்டங்களை ஆடாமலே கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டது.

சீசனை முடித்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஜெர்மனி மே மாதமே ஆடத் தொடங்கியது, இங்கிலாந்து ஜூனில் தொடங்கியது என்று ஒப்பிடுவது எளிது. அவர்களுக்கு ஆளில்லா மைதானத்தில் ஆடினாலும் தொலைக்காட்சிப் பணம் கொட்டும். உங்கள் கிளப்புகள் வாசலில் விற்கும் டிக்கெட்டை நம்பிப் பிழைப்பவை. கையில் காசில்லாமல் எத்தனை மாதம் தள்ள முடியும்? செல்டிக் 30 ஆட்டங்களில் 80 புள்ளி, ரேஞ்சர்ஸ் 29 ஆட்டங்களில் 67. செல்டிக்கின் தொடர்ச்சியான ஒன்பதாவது பட்டத்தைப் பற்றி நேர்மையாகச் சண்டை போட ஒன்றும் இல்லை. டிசம்பர் கடைசியில் செல்டிக் பார்க்கிலேயே ஜெயித்துவிட்டு, ஜனவரிக்குப் பிறகு ஹார்ட்ஸ், கில்மார்னக், ஹாமில்டன் என்று வரிசையாகக் கோட்டைவிட்டது ரேஞ்சர்ஸ்தான்.

ஹார்ட்ஸும் பாவப்பட்ட பிள்ளை அல்ல. 30 ஆட்டங்களில் நான்கே வெற்றி. அதிலும் இரண்டு, ஒரே ஊர்ப் போட்டியாளர்கள் மோதும் எடின்பரோ டெர்பியில் ஹைபர்னியனுக்கு எதிராக, ஒன்று ரேஞ்சர்ஸுக்கு எதிராக! பெரிய ஆட்டம் என்றால் எழுந்து நிற்பார்கள், மற்ற நாளில் படுத்துவிடுவார்கள். 23 புள்ளியோடு கடைசி இடம், மேலே இருந்த ஹாமில்டனுக்கு நான்கு புள்ளி பின்னால். இன்னும் எட்டு ஆட்டம் பாக்கி. தப்பித்திருப்பார்களா? நான் பந்தயம் கட்டியிருக்க மாட்டேன். ஆனால் எட்டு ஆட்டம் என்பது 24 புள்ளி. அதை ஆடாமலே பறித்துக்கொள்வதற்கு, ஆடித் தோற்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் கண்ணியம் தேவைப்படுகிறது.

அந்தக் கண்ணியம்தான் இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

ஏப்ரல் 8 அன்று தீர்மானத்தை அனுப்பினீர்கள். பதில் அளிக்கச் சட்டப்படி 28 நாள் உண்டு. நீங்களோ புனித வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் சொன்னால் நல்லது என்றீர்கள். அதாவது இரண்டு நாள். அந்த ஒரே தீர்மானத்துக்குள் இரண்டு விஷயங்களைக் கட்டிப்போட்டிருந்தீர்கள்: கீழ் மூன்று பிரிவுகளின் சீசனை அப்படியே முடிப்பது (பிரீமியர்ஷிப்பை முடிக்கும் அதிகாரத்தையும் நிர்வாகத்துக்குக் கொடுப்பது), அப்புறம் பட்டியலில் பிடித்த இடத்தைப் பொறுத்து கிளப்புகளுக்குச் சேரவேண்டிய பணத்தைப் பட்டுவாடா செய்வது. சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாத ஒரு சின்ன கிளப்பின் தலைவர் எதைப் பார்த்து வாக்களிப்பார்? இந்தத் தீர்மானத்தால் இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கவேண்டிய பார்ட்டிக் திஸிலுக்கு நியாயம் நடக்கிறதா என்றா பார்ப்பார்? பசித்தவன் முன்னால் இலையைப் போட்டு, சாப்பிடுவதற்கு முன் இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்பதைப் போன்றது இது. பணத்தை முன்கூட்டியே கடனாகக் கொடுக்கலாம் என்று ரேஞ்சர்ஸ் ஒரு மாற்றுத் தீர்மானம் கொண்டுவந்தது. அது சட்டப்படி செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்லவே. எழுதியது நீங்கள் 42 பேர்தான்.

டண்டி விவகாரத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. தீர்மானம் நிறைவேற, இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் பத்துக்கு எட்டு வாக்கு வேண்டும், ஏழு கிடைத்திருந்தது. அந்தப் பிரிவின் டண்டி கிளப் 'இல்லை' என்று அனுப்பிய மின்னஞ்சல் உங்கள் கணினியின் வடிகட்டியில் சிக்கிக்கொண்டது. அது கண்ணில் படுவதற்குள், அந்த வாக்கை எண்ண வேண்டாம் என்று டண்டியே சொல்லிவிட்டது. ஐந்து நாள் பேச்சுவார்த்தை. ஏப்ரல் 15 அன்று 'ஆம்' என்று வந்தது. ஒரு முழு நாட்டின் கால்பந்து, ஒரு கிளப் வாரக்கடைசியில் மனம் மாறியதில் தீர்ந்துபோனது. யாரும் தப்புச் செய்யவில்லை என்று உங்கள் விசாரணை சொன்னது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாக்கு விழுந்ததா இல்லையா என்பதே ஐந்து நாள் தொங்கலில் நிற்கக்கூடிய ஏற்பாடு ஒழுங்கான ஏற்பாடா?

இறுதிப் பட்டியலுக்காகப் புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்த கணக்கையும் பாருங்கள். 37 புள்ளி வைத்திருந்த ஹைபர்னியன் ஏழாவது, 36 புள்ளி வைத்திருந்த செயின்ட் ஜான்ஸ்டன் ஆறாவது. பின்னவர்கள் ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்ததால் சராசரியில் மயிரிழை முன்னே. கணக்கு சரிதான். அதே கணக்கு சாம்பியன்ஷிப்பில் பார்ட்டிக் திஸிலின் கழுத்தை அறுத்தது. 27 ஆட்டத்தில் 26 புள்ளி; மேலே குயின் ஆஃப் தி சவுத், 28 ஆட்டத்தில் 28. கையில் இருந்த அந்த ஓர் ஆட்டத்தை ஜெயித்திருந்தால் 29 புள்ளியோடு திஸில் மேலே போயிருக்கும். ஹார்ட்ஸின் கதையைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

யாரும் கீழே இறங்காமல் பிரிவுகளைப் பெரிதாக்கலாமே என்ற யோசனை ஜூன் 15 அன்று உங்கள் முன் வந்தது. மேல் பிரிவில் 14, மற்ற மூன்றிலும் பத்துப் பத்து. 42 பேரில் 16 பேர் மட்டுமே கை தூக்கினீர்கள். கொள்ளைநோய்க் காலத்தில் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று பேசியவர்கள் எத்தனை பேர், நினைவிருக்கிறதா?

பிறகு வழக்கு. ஹார்ட்ஸும் திஸிலும் தரமிறக்கத்தை ரத்துசெய்யக் கேட்டன. இல்லையென்றால் 80 லட்சம் பவுண்டும் 20 லட்சம் பவுண்டும் இழப்பீடு. நீதிமன்றம் வழக்கை மத்தியஸ்தக் குழுவுக்கு அனுப்பியது, ஜூலை 27 அன்று நீங்கள் ஜெயித்தீர்கள். இடையில் மாட்டிக்கொண்டவை டண்டி யுனைடெட், ரெய்த் ரோவர்ஸ், கோவ் ரேஞ்சர்ஸ். மேலே ஏறியதைத் தவிர வேறெதுவும் செய்யாத இந்த மூன்றும் எதிர்தரப்பாக நின்று வக்கீல் செலவுக்குக் காசு தேட வேண்டியிருந்தது. உங்கள் தீர்மானத்தைக் காக்கும் செலவு அவர்கள் தலையில் ஏன் விழுந்தது என்பதற்கு எனக்குத் திருப்தியான விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று ஹாம்ப்டன் பார்க்கில் 2019-20 ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. ஆம், 2019-20க்கான கோப்பைதான். கால்பந்துச் சங்கம் அதைத் தள்ளிவைத்துக் காத்திருந்து நடத்தியது. செல்டிக்கும் ஹார்ட்ஸும் 3-3, பெனால்டியில் செல்டிக் ஜெயித்தது. எந்தச் சீசனில் ஆடத் தகுதியில்லை என்று கீழே தள்ளப்பட்டதோ, அந்தச் சீசனின் கோப்பையை இரண்டாம் பிரிவு அணியாக வந்து கிட்டத்தட்ட தூக்கிக்கொண்டு போயிருக்கும் ஹார்ட்ஸ். அடுத்த வசந்தத்தில் ஹார்ட்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றது, திஸில் தன் பிரிவை வென்றது, இரண்டும் மேலே ஏறின. இழந்த வருமானத்தை அவர்களுக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி எந்தக் காரணத்தால் சீசன் பாதியில் நின்றாலும், பணத்துக்கு ஒரு தீர்மானம், பட்டியலுக்கு ஒரு தீர்மானம் என்று தனித்தனியாக வையுங்கள். முதலில் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அதன்பின் யார் இறங்குவது என்று கேளுங்கள். சட்டம் தரும் 28 நாளையும் முழுதாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லீகைத் தூரத்திலிருந்து பார்க்கும், எந்த கிளப்பையும் சேராத ஒரு ரசிகர்