டேட்டன் கடையில் ஒரு மெக்கானிக்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்ணில் புரை எடுத்த கையோடு எழுத உட்காரக் கூடாது என்று வீட்டில் ஒரே தடை, அதனால்தான் தாமதம். இப்போது வெர்னியர் அளவுகோலில் கோடு எண்ணிப் பார்த்தேன், பிசகாமல் தெரிகிறது. பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான், நான் ஸ்டூலில் உட்கார்ந்து குறை சொல்வதோடு சரி.

உன் பேத்தி பள்ளியில் ரைட் சகோதரர்களைப் பற்றிப் பேசப் போகிறாள், ஏதாவது எழுதி அனுப்பு என்றாயே. 1903 டிசம்பர் 17, கிட்டி ஹாக் பக்கத்து மணல்மேடு, அவர்கள் விமானம் முதன்முதலாகப் பறந்தது 12 வினாடி, 120 அடி, இதெல்லாம் அவளுக்கே தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்த ஆள் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. அவர் பெயர் சார்லி டெய்லர். அண்ணனும் தம்பியும் மணல்மேட்டுக்குப் போய்விடும் நாட்களில் டேட்டன் ஊரில் இருந்த அவர்களுடைய சைக்கிள் கடையைக் கவனிக்க, வாரம் 18 டாலர் சம்பளத்துக்கு 1901-ல் சேர்ந்த மெக்கானிக்.

1902-ல் அவர்களுடைய கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம், நன்றாகவே மிதந்தது. அடுத்தது இன்ஜின். கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதினார்கள், கேட்ட எடைக்குள் செய்து தர ஒருவரும் முன்வரவில்லை. சரி, நாமே செய்துகொள்வோம் என்று வேலையை டெய்லர் கையில் கொடுத்துவிட்டார்கள். உலோக வேலைக்கென்று கடையில் இருந்தது ஒரு லேத்தும் ஒரு ட்ரில்லிங் மெஷினும்தான். முறையான டிராயிங் கிடையாது. மூன்று பேரில் யாராவது ஒருவர் துண்டுத்தாளில் கிறுக்குவார், டெய்லர் அதை மேசைக்கு மேலே ஆணியில் குத்தி வைத்துக்கொண்டு செய்வார்.

அதில் கிராங்க் ஷாப்ட், அதாவது பிஸ்டன் முன்னும் பின்னும் போவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, செய்த கதையைக் கேள். 31 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் கனம் உள்ள எஃகுப் பட்டை. அதில் உருவத்தை வரைந்து, கோட்டின் ஓரமாகவே வரிசையாகத் துளை போட்டு, வேண்டாததை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி எடுத்திருக்கிறார். பிறகு லேத்தில் மாட்டிக் கடைந்து முடித்தபோது எடை 19 பவுண்டு, பாலன்ஸ் கச்சிதம். இப்போது யாராவது இப்படி ஒரு ஜாப் கொண்டுவந்தால் நான் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மொத்தம் 6 வாரம், 12 குதிரைத்திறன், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்கூட இல்லாத இன்ஜின். 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்க்கும்போதே பேரிங் இறுகி அலுமினியப் பாடி உடைந்துபோனது, மறுபடி வார்க்கக் கொடுத்தார்கள். அந்த ராத்திரி அந்தக் கடையில் யாரும் வாய் திறந்து பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நமக்குத் தெரியாத ராத்திரியா அது!

அதே சமயத்தில் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி அரசாங்கப் பணம் 50,000 டாலர் வாங்கி, 52 குதிரைத்திறன் இன்ஜின் பூட்டி, படகின் மேலிருந்து ஏவிய விமானம் இரண்டு முறையும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இன்ஜின் என்று பார்த்தால் அவருடையதுதான் உசத்தி. ஆனால் இவர்கள் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும் ரம்பத் தகடும் வைத்துத் தராசு செய்து, காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கப் பெட்டியில் ஏறக்குறைய 200 சின்னச் சின்ன இறக்கைகளை அளந்து பார்த்திருந்தார்கள். அதனால் 12 குதிரைத்திறனே போதுமாக இருந்தது.

பேத்திக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. புரொப்பல்லர் தண்டில் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் மாட்டும் பல்சக்கரம், நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தது. கடைசியில் சைக்கிள் டயர் ஒட்டும் சிமெண்ட்டை உருக்கி ஊற்றித்தான் நிறுத்தினார்கள்!

டெய்லர் பின்னால் நிலத்தில் பணம் போட்டு இழந்து, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் மெஷினிஸ்டாக வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர்களுக்கு இவர் யார் என்றே தெரியாதாம். ரைட் சகோதரர்களில் தம்பியான ஆர்வில் தன் உயிலில் இவருக்கு வருடம் 800 டாலர் எழுதி வைத்தார். 1956-ல் டெய்லர் இறந்தார். அவர் பிறந்த மே 24-ஐ இப்போது அமெரிக்காவில் விமான மெக்கானிக்குகள் தினமாக வைத்திருக்கிறார்கள்.

பேச்சுக்கு இது நீளம்தான், வேண்டியதை அவளே வெட்டிக்கொள்ளட்டும். கிராங்க் ஷாப்டை மட்டும் வெட்ட வேண்டாம் என்று சொல். தை மாதம் வருகிறாயா இல்லையா, அதை எழுது. என்னிடம் வாங்கிப்போன மைக்ரோமீட்டர் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
மணி