காய்ச்சலும் பாய்ச்சலும்: ஒரு துறை மட்டும் அளந்தால் போதாது

ஆசிரியருக்கு,

காலநிலை மாற்றத்தைப் பல்கலைக்கழகங்கள் துறை கடந்து ஆராய வேண்டும் என்ற கட்டுரை பொதுப்படையாகவே நின்றுவிட்டது. டெல்டா நெல்வயலை எடுத்துக்கொண்டாலே அதன் தேவை விளங்கும்.

தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது. அங்கே பெருகும் நுண்ணுயிரிகள் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, நீர் கட்டினால் அது பாதிவரை குறையும். எப்போது பாய்ச்சுவது என்று அறிய, 30 செ.மீ. நீளமுள்ள பிவிசி குழாயின் கீழ் 20 செ.மீ. பகுதியில் துளையிட்டு, அதுவரை மண்ணில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். நட்ட இரண்டு வாரத்துக்குப் பின், குழாயில் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சலாம். துளைகள் களிமண்ணால் அடைபட்டால் குழாய் காட்டுவது பொய் மட்டம். பூக்கும் தருணத்தில் காயவிட்டால் பதர் கூடும்.

மீத்தேனை மட்டும் அளந்தால் கணக்கு இனிக்கும். ஆனால் மண் நனைந்து காயும்போது யூரியாவின் தழைச்சத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டும். நெல்வயல் மீத்தேன் சுமார் 27 மடங்குதான். மேலுரமிட்டு நீர் பாய்ச்சிய சில நாள்களிலேயே நைட்ரஸ் ஆக்சைடு உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும். வாரம் ஒருமுறை பெட்டி கவிழ்த்து வாயு மாதிரி எடுப்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள். உரமிட்ட வாரம் முழுக்கத் தினமும் எடுக்க வேண்டும். மீத்தேனில் கிடைத்த ஆதாயத்தை அது முழுதாக விழுங்குவது அரிதுதான். எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்காமலே கார்பன் வரவு (குறைத்த வாயுவுக்கு ஈடாகக் கிடைக்கும் சான்று) விற்கப் புறப்படுவது சரியல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் வாய்க்காலில் இருக்கிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். குழாயில் நீர் இறங்கும் நாளும் முறை வரும் நாளும் ஒத்துப்போவதில்லை. அடுத்த முறை நிச்சயமில்லை என்றால் யாராக இருந்தாலும் வந்த தண்ணீரைத் தேக்கித்தான் வைப்பார்கள். மீறிக் காயவிட்டுக் களிமண் பாளமாக வெடித்துவிட்டால், பாய்ச்சும் நீர் வெடிப்பு வழியே இறங்கி, மிச்சம் பிடித்தது போய்விடும். பம்புசெட்காரருக்கோ மின்சாரம் இலவசம். நீரை மிச்சப்படுத்தி அவருக்கு வரவு ஏதுமில்லை, களையெடுக்கும் கூலிதான் கூடும்.

ஆகவே ஆய்வுத் திட்டம் எழுதும்போதே மண்ணியலாருடன் நீர்வளத் துறைப் பொறியாளரும் பொருளியலாரும் உட்கார வேண்டும். பல்கலைக்கழகப் பண்ணையோடு நிறுத்தாமல், ஒரே கிளை வாய்க்காலின் தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றிலும் அளக்க வேண்டும். குறுவையில் கிடைத்த எண்ணைச் சம்பாவுக்கும் போட்டுப் பெருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலைக் காயவிட நினைத்தாலும் முடியாது.

- வேளாண் ஆய்வாளர், தஞ்சாவூர்